கோழிக்கடைச் சங்கங்களுக்கு விலை மட்டும்தான் வேலையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்லடத்தில் அறிவிக்கும் பண்ணை விலை, மொத்த வியாபாரியின் லாபம், மகாவீர் ஜெயந்திக்கும் காந்தி ஜெயந்திக்கும் கடையடைப்பு. கோழிக்கடைக்காரர் சங்கக் கூட்டங்களில் பேச்சு பெரும்பாலும் இதோடு முடிந்துவிடுகிறது. தனிக் கடையால் தீர்க்க முடியாத கழிவுப் பிரச்சினை அங்கே பேச்சுக்கே வருவதில்லை.

2 கிலோ உயிர்க்கோழியைத் தோலோடு சுத்தம் செய்தால் சுமார் 1.4 கிலோ கறி நிற்கும். மீதி இறகு, தலை, கால், குடல், இரத்தம். தோலுரித்தால் கழிவு இன்னும் கூடும். நாளைக்கு 50 கோழி அறுக்கும் கடையில் 30 கிலோ சேர்கிறது.   இப்படி 200 கடை உள்ள ஊரில், இரத்தம் சாக்கடையில் போனது போக, தினமும் 5 டன்னுக்குக் குறையாது. இதில் ஒரு பங்கு இரவோடு இரவாக ஏரிக்கரைக்குப் போகிறது. 'இலவசமாக அள்ளிக்கொள்கிறோம்' என்று வரும் வண்டிகளில் சில, தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி மீன் வளர்க்கும் குட்டைகளுக்குத் தீனியாகப் போகின்றன. பிடிபட்டால் கெட்ட பெயர் எல்லாக் கடைக்கும்தான்.

கழிவை மூடிய குக்கரில் நீராவி அழுத்தத்தில் வேகவைத்து, கொழுப்பைப் பிரித்து, மீதியைத் தீவன மாவாக்கும் ஆலைகள் உண்டு. ஆனால் ஒரு கடையின் 30 கிலோவுக்காக ஆலை வண்டி அனுப்பாது. சங்கம் ஒப்பந்தம் போட்டால் வரும். அப்போதும் சரக்கு புதிதாக இருக்க வேண்டும். காலையில் அறுத்ததை இரவு வரை சாக்கில் கட்டி வைத்தால் நம் வெயிலுக்குக் கொழுப்பு புளித்துவிடும், மாவில் நாற்றம் ஏறும், ஆலை விலையைக் குறைக்கும் அல்லது திருப்பி அனுப்பும். ஆகவே மதியம் ஒரு நடை, கடை மூடும்போது ஒரு நடை என்று வண்டி வர வேண்டும். மூடியுள்ள டிரம் கடைக்கு இரண்டு: ஒன்றில் இறகு, மற்றதில் குடலும் தலையும். இறகு வேக அதிக அழுத்தமும் நேரமும் வேண்டியிருப்பதால்தான் இந்தப் பிரிப்பு. பாலிதீன் கவர் ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது. குக்கரில் உருகி மாவோடு கலந்துவிடும். எடுத்துப்போகும் டிரம்முக்குப் பதில் கழுவிய டிரம் வராவிட்டால், ஒரே வாரத்தில் ஈ மொய்த்து, கடைக்காரர் பழையபடி சாக்குக்கே திரும்பிவிடுவார்.

இதோடு ஒட்டிய இன்னொன்றையும் சங்கம்தான் பேச முடியும். அறுப்பதற்கு 8 மணி நேரம் முன்பே கோழிக்குத் தீனியை நிறுத்த வேண்டும், தண்ணீர் மட்டும் கொடுக்கலாம். இதை மீறித் தீனிப்பை நிறைய வரும் கோழிக்குக் கடைக்காரர்களான நாம் உயிர்க்கோழி விலையில் தீனிக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறோம். குடல் எடுக்கும்போது கத்தி பட்டால் உள்ளிருப்பது கறி முழுக்கப் பரவும், கழிவும் கூடும். ஒரு கடைக்காரர் கேட்டால், 'வேண்டாமென்றால் அடுத்த கடையில் இறக்குகிறேன்' என்பார் கோழி கொண்டுவரும் வண்டிக்காரர். எல்லாக் கடையும் சேர்ந்து, தீனிப்பை நிறைந்த கோழிக்கு எடையில் இவ்வளவு பிடித்தம் என்று ஒரே பேச்சாக நின்றால், பண்ணையில் தீனித் தட்டைத் தூக்கும் நேரம் தானாக மாறும்.

இப்படிக்கு,
கோழிக்கடைக்காரர் ஒருவர்,
ஈரோடு.