கயிறு கட்ட இடமில்லாத மலை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

முழங்கால் வலி தேவலையா? முக்திநாத் போனவன் பத்து நாள் எங்கே தொலைந்தாய் என்று கேட்டிருந்தாய். பெருமாளைச் சேவித்த கையோடு மற்றவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். நானும் இன்னொருவரும் வழிகாட்டியுடன் வடக்கே, நேபாளத்தின் மேல் முஸ்டாங் பகுதிக்குப் போனோம்.

காளி கண்டகி ஆற்றை நாம் சாளக்கிராமத்துக்காக மட்டும்தான் அறிவோம். அதன் கரைச் சுவர்களில் புறாக்கூண்டு போல வரிசை வரிசையாகக் குகைகள். எல்லாம் மனிதன் குடைந்தவை. மொத்தம் 10,000 இருக்கலாம் என்கிறார்கள். சில, பத்துப் பதினைந்து மாடி உயரத்தில் வாயைத் திறந்துகொண்டு நிற்கின்றன. சோசெர் என்ற ஊரில் ஐந்தடுக்குக் குகை ஒன்றில் ஏணி போட்டிருக்கிறார்கள். நானும் தவழ்ந்து ஏறினேன்.

உள்ளே சுவரில் ஒரு கூழாங்கல்லை விரலால் நெம்பினேன். பல் விழுவது போலக் கையோடு வந்துவிட்டது. குழியிலிருந்து மண் பொலபொலவென்று கொட்டியது. பாறையே அல்ல, கடலை மிட்டாய்! பாகுக்குப் பதில் மண், கடலைக்குப் பதில் கல். மலையேற்றப் பயிற்சி முகாமில் நாம் ஆணி அடித்துப் பழகிய கருங்கல்லை நினைத்துக்கொண்டேன். இங்கே எதை அடித்து எதைக் கட்டுவது?

ஏணி இல்லாத உயரமான குகைகளுக்குக் கீழிருந்து ஏற வழியே இல்லை. மலையைச் சுற்றிப் போய் உச்சியிலிருந்து இறங்க வேண்டும். உச்சியிலும் கயிறு கட்ட ஒரு மரம் கிடையாது. நீளமான இரும்புக் கம்பிகளைத் தரையில் ஆழ அடித்து, ஒன்று பிடுங்கிக்கொண்டாலும் மற்றவை தாங்கும்படி கட்ட வேண்டும். கயிறு விளிம்பில் உரசினால் கயிறு மட்டுமா தேயும்? விளிம்பே உடைந்து தலையில் கொட்டும். குகை வாய்க்கு நேரே வந்துவிட்டாலும் ஆயிற்றா என்றால், இல்லை. மேலே சுவர் துருத்திக்கொண்டிருந்தால் நீ அந்தரத்தில் தொங்குவாய். ஊஞ்சல் போல ஆடித்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். போதாததற்கு முற்பகலிலேயே கிளம்பிவிடும் அந்தப் பள்ளத்தாக்குக் காற்று.

எவரெஸ்டில் ஏழு முறை ஏறிய பீட் ஏதன்ஸும் தொல்லியலாளர் மார்க் ஆல்டெண்டர்ஃபரும் மேல் முஸ்டாங்கில் உள்ள சாம்ட்சொங் என்ற ஊரில் இப்படித்தான் கல்லறைக் குகைகளுக்குள் போனார்கள். அவர்கள் குழுவின் ஒளிப்பதிவாளர் ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றிய சற்று நேரத்தில் கல் விழுந்து மண்டை உடைந்தது, உயிர் தப்பினார். உள்ளே கிடைத்தது என்ன தெரியுமா? பொன்னும் வெள்ளியும் கலந்த முகமூடி, சதையை அறுத்தெடுத்த கத்தித் தடம் பதிந்த எலும்புகள், அரக்கும் மஞ்சிட்டி வேரும் கொண்டு சாயம் ஏற்றிய பட்டுத்துணி. சுமார் 1,500 ஆண்டுப் பழமை. அந்தப் பட்டு இழை அங்கே உண்டானது அல்ல, சீனத்துச் சரக்கு என்கிறார்கள். அந்தப் பொட்டலுக்கு யார் சுமந்து வந்தார்களோ!

அந்தக் காலத்தில் பிணத்தையும் தூக்கிக்கொண்டு எப்படி ஏறினார்கள் என்பதுதான் எனக்குத் தூக்கம் வராத கேள்வி. படிகளும் விளிம்புப் பாதைகளும் இருந்து காலப்போக்கில் அரித்துப் போயிருக்கலாம் என்கிறார்கள். விரலுக்கே உதிர்ந்த மண்ணைப் பார்த்தவன் என்பதால் நான் அதை நம்புகிறேன். அவர்கள் ஏறிய மலை இப்போது ஆற்றோடு போய்விட்டது.

முகாமில் நான் தலைகீழாகத் தொங்கியபோது நீ போட்ட ‘8’ வடிவ முடிச்சுதான் என்னைத் தாங்கியது. அறைக்கு வந்து அதைப் போட்டுப் பார்த்தேன். மூன்று முறையும் தப்பு. பொங்கலுக்கு வருகிறேன், நாலு முழம் கயிறு எடுத்து வை.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை