எல் பாஷரின் பட்டினி: யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வேண்டுகோள்

ஆசிரியர் அவர்கட்கு,

சூடானின் டார்பூர் பகுதியிலிருந்து வரும் பஞ்சச் செய்திகள் நமது பத்திரிகைகளில் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தின் ஓர் ஓரத்தில், அதுவும் பெரும் படுகொலை நிகழ்ந்த நாட்களில் மட்டும், சில வரிகளாக வந்து போகின்றன. நிவாரண அரிசியால் உயிர் தப்பியவர்கள் இன்னும் வாழும் இந்த மண்ணில் அச்செய்திகளுக்கு இதைவிடக் கூடுதலான இடம் கொடுக்கப்பட வேண்டும் என்று கேட்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

2023 ஏப்ரல் 15ஆம் திகதி அந்நாட்டு இராணுவத்துக்கும் ஆர்.எஸ்.எப். எனப்படும் துணைப்படைக்கும் இடையே மூண்ட போர் ஒரு கோடிக்கும் அதிகமான மக்களை வீடு வாசலை விட்டுத் துரத்தியிருக்கிறது. வடக்கு டார்பூரின் தலைநகரான எல் பாஷரை ஏறத்தாழ 18 மாதங்கள் முற்றுகையிட்டிருந்த துணைப்படை, 2025 ஒக்டோபர் 26ஆம் திகதி அதனைக் கைப்பற்றியது. நகரைச் சுற்றி நெடுந்தூரத்துக்கு மண் அணை எழுப்பப்பட்டதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. உள்ளே அகப்பட்டுக்கொண்ட மக்கள் உண்டது, அங்கே 'அம்பாஸ்' என்று சொல்லப்படும் பொருளை. கச்சானில் எண்ணெய் எடுத்த பின் மிஞ்சும் பிண்ணாக்குத்தான் அது. நாம் தண்ணீரில் ஊறவைத்து மாட்டுக்கு வைப்பது. தாய்மார் அதைக் கரைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். நாள் செல்லச் செல்ல அதுவும் கிடைப்பதற்கு அரிதாயிற்று.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் மக்கள் ஊரோடு இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு வந்து சேர்ந்தபோது, நான் அங்குள்ள பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கிளையொன்றில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். நிவாரணம் வழங்குவது என்றால் மூட்டையைப் பிரித்து நிறுத்துக் கொடுப்பதுதான் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். உண்மையில் அந்த வேலையின் பெரும்பகுதி பெயர்ப்பட்டியலில்தான் இருக்கிறது. விதானையாரின், அதாவது கிராம அலுவலரின், பட்டியலில் பெயர் இருந்தால் அட்டை; அட்டை இருந்தால் பங்கு. பாடசாலையின் ஒரே வகுப்பறையில் சேலையைக் குறுக்கே கட்டித் தங்கியிருந்த இரண்டு குடும்பங்களில் ஒன்றுக்கு அரிசியும் பருப்பும் கிடைக்கும். எந்த ஊர் விதானையாரிடம் பதிவது என்று தெரியாமல் அலைந்த மற்றக் குடும்பம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். கொளுக்கி குத்திக் கிழிந்த சாக்குகள் நிறை குறைந்து வரும். அந்தக் குறைவு எப்போதும் வரிசையின் கடைசியில் நிற்பவரின் பங்கில்தான் விழும். பங்கு கிடைத்தவர்களுக்கும் விறகு இல்லை, சட்டி இல்லை. கையில் அரிசி இருந்தும் அன்றிரவு உலை ஏற்றாத குடும்பங்கள் பல.

யாரை எண்ணுகிறோம், எத்தனை பேர் என்று எழுதுகிறோம் என்பதே யார் உண்பது என்பதைத் தீர்மானிக்கிறது. வன்னியில் இது எந்த அளவுக்குப் போனது என்பதை நாம் அறிவோம். 2009இன் தொடக்கத்தில் அங்கே சுமார் 70,000 பேரே இருப்பதாக அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்தது. போர் முடிந்தபோது செட்டிகுளத்திலும் பிற இடங்களிலும் முகாம்களில் அடைக்கப்பட்டவர்கள் மட்டுமே இரண்டரை இலட்சத்தைத் தாண்டினர். தொகையைக் குறைத்துக் காட்டி, அதை அடிப்படையாகக் கொண்டே உணவும் மருந்தும் மட்டுப்படுத்தப்பட்டன என்று ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் எழுதியது. சூடானில் அதே வேலை வேறு உருவில் நடந்தது. எல் பாஷருக்கு அருகிலுள்ள சம்சம் முகாமில் பஞ்சம் நிலவுவதாக, உணவுப் பாதுகாப்பை மதிப்பிடும் பன்னாட்டு நிபுணர்கள் 2024 ஓகஸ்ட்டில் அறிவித்தனர். அந்த ஆண்டு டிசெம்பரில், பஞ்சம் மேலும் பல இடங்களுக்குப் பரவிவிட்டது என்ற அடுத்த அறிக்கை வெளிவருவதற்கு முதல்நாள், இராணுவத்தின் தலைமையிலான அரசு அந்த மதிப்பீட்டு முறையிலிருந்தே விலகிக்கொண்டது. பஞ்சம் என்ற சொல் ஏட்டில் ஏறாவிட்டால், பாதையைத் திறக்கும்படி கேட்பவரின் கையும் தளர்ந்துவிடும்.

பாதைதான் மற்றப் பெரும் தடை. சாட் நாட்டிலிருந்து டார்பூருக்குள் நுழையும் அட்ரே எல்லை வழியை 2024 பெப்ரவரியில் இராணுவத் தரப்பு மூடியது. பஞ்சம் அறிவிக்கப்பட்ட பிறகே, அதே ஓகஸ்ட்டில், திறக்க இணங்கியது. இடைப்பட்ட மாதங்கள் மழைக்கு முன் உணவைச் சேர்த்து வைத்திருக்க வேண்டிய மாதங்கள். மறுபுறத்தில் எல் பாஷரைத் துணைப்படை அடைத்து வைத்திருந்தது. 2025 ஜூன் 2ஆம் திகதி இரவு, நகரை நோக்கிச் சென்ற உலக உணவுத் திட்டத்தினதும் யுனிசெப்பினதும் 15 லொறிகள் அல் கோமா என்ற இடத்தில் தாக்கப்பட்டு, ஐந்து பணியாளர்கள் கொல்லப்பட்டனர். ஓர் ஆண்டுக்கு மேலாக எந்த உணவுத் தொடரணியும் போய்ச் சேராத நகருக்குக் கிட்டத்தட்ட எட்டிவிட்ட லொறிகள் அவை. 2008 ஒக்டோபருக்கும் 2009 ஜனவரிக்கும் இடையே வன்னிக்குப் போன 11 உணவுத் தொடரணிகளுள், எறிகணை வீச்சுக்குள் அகப்பட்டுக்கொண்ட கடைசித் தொடரணியின் கதி நினைவிருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

பாதை இல்லையென்றால் வானிலிருந்து போடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். 1987 ஜூன் 4ஆம் திகதி இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தில் உணவுப் பொதிகளைப் போட்டபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். அதன் அரசியல் விளைவு பெரிது. ஆனால் அன்று போடப்பட்ட 25 தொன் அளவிலான உணவு இரண்டு மூன்று பெரிய லொறிகளில் அடங்கிவிடும். முற்றுகைக்குள் சிக்கிய இலட்சக்கணக்கானோரின் பசிக்குத் தரைவழியைத் தவிர வேறு வழி கிடையாது.

இத்தனைக்கும் நடுவில் சூடான் மக்களை உயிரோடு வைத்திருப்பவர்கள் அவர்களுடைய இளைஞர்களே. 'அவசர உதவி அறைகள்' என்ற பெயரில் ஒவ்வொரு குறிச்சியிலும் இயங்கும் தன்னார்வக் குழுக்கள் தகாயா எனப்படும் பொதுச் சமையற்கூடங்களை நடத்துகின்றன. வெளிநாட்டிலுள்ள உறவினர்கள் அனுப்பும் பணம் கைபேசி வழியாக வந்து சேர, உள்ளூர்ச் சந்தையில் கிடைக்கும் பருப்பையோ இறுங்கு மாவையோ வாங்கிப் பெரிய கிடாரத்தில் சமைத்து, பாத்திரத்தோடு வருபவருக்கு அட்டை கேட்காமல் ஊற்றிக் கொடுக்கிறார்கள். எவர் வீட்டில் கிழவி எழும்ப முடியாமல் கிடக்கிறாள், எந்த வீட்டுக்கு நேற்று புதிதாக ஆட்கள் வந்தார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். ஒரு சங்கப் பணியாளனாகச் சொல்கிறேன், எந்த அலுவலகப் பட்டியலும் அந்த அறிவுக்கு ஈடாகாது. 2025இல், 'மாற்று நோபல்' என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹூட் விருது இக்குழுக்களுக்கு வழங்கப்பட்டது. அதே ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்கா தனது வெளிநாட்டு உதவியை நிறுத்தியதால் நூற்றுக்கணக்கான சமையற்கூடங்கள் அடுப்பை அணைக்க நேர்ந்தது. விருதை விட அவர்களுக்கு வேண்டியது அரிசிப் பணம்.

ஆண்டுதோறும் மே மாதம் 12ஆம் திகதி முதல் 18ஆம் திகதி வரை நாம் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சுகிறோம். அரிசியும் உப்பும் தண்ணீரும் சேர்ந்த அந்தக் கஞ்சியை 2009இல் எறிகணைகளுக்கு நடுவே காய்ச்சி ஊற்றியவர்களும் இத்தகைய தன்னார்வலர்களே. கஞ்சி பரிமாறும் இடங்களில் இனி எல் பாஷரைப் பற்றியும், பஞ்சத்தில் சிக்கிய மற்றொரு சூடான் நகரான கதுக்லியைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாட்டாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நமது துயரத்தின் கனம் இதனால் குறைந்துவிடும் என்று அஞ்சுபவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. உலகம் அன்று நம்மைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று இன்றும் மனம் நொந்து பேசுகிற நாம், பார்க்கக்கூடிய இடத்தில் இருக்கும்போது பார்க்கத்தான் வேண்டும்.

பணம் அனுப்ப வசதியுள்ளவர்கள், குறிப்பாகப் புலம்பெயர்ந்த உறவுகளும் பாடசாலைப் பழைய மாணவர் சங்கங்களும், பழைய உடுப்புகளையும் பொதிகளையும் சேர்ப்பதைத் தவிர்த்து, இச்சமையற்கூடங்களுக்கு நிதி சேர்க்கும் சூடானியர் அமைப்புகள் தமது நகரில் இருக்கின்றனவா என்று விசாரித்து, அவற்றிடம் கணக்குக் கேட்டுக் கொடுக்கலாம். இல்லையேல் உலக உணவுத் திட்டத்துக்கு நேரடியாகக் கொடுக்கலாம். பிரித்தானியாவில் உள்ளவர்களுக்கு இன்னொரு பணியும் உண்டு. பாதுகாப்புச் சபையில் சூடான் பற்றிய தீர்மானங்களை வரையும் பொறுப்பு அந்த நாட்டிடமே இருக்கிறது. எல் பாஷர் முற்றுகையை நிறுத்தக் கோரி 2024 ஜூனில் நிறைவேற்றப்பட்ட 2736ஆம் இலக்கத் தீர்மானமும் அவர்கள் வரைந்ததுதான். அதை மீறியவர்களும் அவர்களுக்கு ஆயுதம் கொடுத்தவர்களும் அதற்கு ஏற்ற விலையைக் கொடுக்கவில்லை. தமது தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதுபவர்கள் அந்தத் தீர்மானத்தையும், பட்டினியைப் போர்க்கருவியாக்குவதைக் கண்டித்த 2018ஆம் ஆண்டின் 2417ஆம் இலக்கத் தீர்மானத்தையும் இலக்கத்தோடு குறிப்பிட்டு, அட்ரே வழி தொடர்ந்து திறந்திருப்பதற்கு அரசு என்ன செய்கிறது என்று பதில் கேட்க வேண்டும்.

தங்கள் பத்திரிகை வாரத்தில் ஒரு நாளாவது சூடான் செய்திக்கு நிலையான இடம் ஒதுக்கினால், இப்படி எழுத விரும்புபவர்களுக்கு வேண்டிய விவரங்கள் தமிழில் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்கப் பணியாளர்,
சாவகச்சேரி.