தராசு ஏறும் நாளிலும் ஒரு துளி பாருங்கள்

பெறுநர்: இண்டியானாபோலிஸில் உள்ள என்.எஃப்.எச்.எஸ். எனும் தேசிய உயர்நிலைப் பள்ளிச் சங்கங்களின் கூட்டமைப்பின் மல்யுத்த விதிக் குழுவினர்; அந்த விதிப் புத்தகத்தை வைத்துப் போட்டி நடத்தும் மாநிலச் சங்கத்தார்.

பொருள்: எடை பார்க்கும் நாளிலும் நீர்ச்சத்துச் சோதனை கோருதல்.

பெருமதிப்புக்குரியவர்களே, வணக்கம்.

2024-25 பருவத்துக்கு நீங்கள் கொண்டுவந்த மாற்றங்களைப் பற்றிய சண்டை ஜிம் படிக்கட்டுகளில் இன்னும் ஓயவில்லை. டேக்டவுனுக்கு, அதாவது நிற்கும் எதிராளியை வீழ்த்தி அடக்குவதற்கு, இரண்டாக இருந்த புள்ளி மூன்றானது. எதிராளியின் முதுகை மேட் எனும் மல்யுத்த விரிப்பின் பக்கம் சாய்த்து வைத்தால் இரண்டு நொடிக்கு இரண்டு, மூன்று நொடிக்கு மூன்று, நான்கு நொடிக்கு நான்கு என்றானது. வட்டக் கோட்டின் மேலோ உள்ளேயோ இருவரில் ஒருவரின் உடம்பு ஒரே ஒரு இடத்தில் பட்டிருந்தாலும் ஆட்டம் தொடரும் என்றானது.

ரசிகர்கள் விடவில்லை. வீழ்த்துவதும் விட்டுவிடுவதும் மறுபடி வீழ்த்துவதுமாக ஆடும் பையனுக்கு முன்பு 15 புள்ளி வித்தியாசம் காட்டி ஆட்டத்தை முடிக்க 14 டேக்டவுன் வேண்டியிருந்தது. தப்பிக்க விடும்போதெல்லாம் எதிராளிக்குப் போகும் ஒரு புள்ளியைக் கழித்தாலும் இப்போது ஏழே போதும். சரிபாதி! கீழே மாட்டிக்கொண்டவனைப் புரட்டித் தோளிரண்டையும் தரையில் அழுத்தி வெல்லும் வித்தை இனி எதற்கு என்று ஒரு கட்சி. காலைக் கட்டிக்கொண்டு மேலே படுத்துக் கிடப்பவனைவிட இவன் மேல் என்று இன்னொரு கட்சி. இதற்கு நடுவே, எந்த ஊராக இருந்தாலும், இரண்டாவது சுற்று பாதி ஆவதற்குள் "ஸ்டாலிங், ஸ்டாலிங்" என்று, அதாவது மோதாமல் நேரம் கடத்துகிறான் என்று, கத்த ஒரு மாமா இருப்பார். கத்தட்டும். ஆட்டம் பிடித்திருப்பதால்தானே கத்துகிறார்.

எங்கள் குறை அது இல்லை. இத்தனை வாதமும் மேட்டின் ஓரத்தோடு நின்றுவிடுகிறது. உடை மாற்றும் அறையில் தராசு இருக்கும் இடத்துக்கு அது போவதே இல்லை. நீங்களும் புள்ளியை மாற்றினீர்கள், நொடியை மாற்றினீர்கள், கோட்டை மாற்றினீர்கள். தராசுப் பக்கத்தில் இருக்கிற ஓட்டை மட்டும் அப்படியே கிடக்கிறது. அதை அடைக்கத்தான் இந்த மடல்: பருவத் தொடக்கத்தில் ஒருமுறை செய்யும் நீர்ச்சத்துச் சோதனையை, எடை பார்க்கும் நாளிலும் செய்யச் சொல்லுங்கள்.

பின்னணி உங்களுக்குத் தெரியாததல்ல. 1997 நவம்பர் தொடக்கத்துக்கும் டிசம்பர் இரண்டாம் வாரத்துக்கும் இடையில் வட கரோலினா, விஸ்கான்சின், மிச்சிகன் என மூன்று மாநிலங்களில் மூன்று கல்லூரி மல்லர்கள் கீழ் எடைப் பிரிவில் ஆடுவதற்காக எடை இறக்கும்போதே செத்துப்போனார்கள். உடம்பில் நீரில்லாமல், சூட்டில், உடற்பயிற்சி செய்தபடி. கல்லூரி அமைப்பு உடனே விதிகளை மாற்றியது. பள்ளிகளுக்கு நீங்கள் நாடு முழுதும் எடைத் திட்டத்தைக் கட்டாயமாக்கியது 2006-07 பருவத்தில். தாமதம் என்றாலும் நல்ல திட்டம். சிறுநீரின் ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு அடர்த்தி என்ற எண், 1.025க்கு மேல் போகக் கூடாது; கூடினால் உடம்பில் நீர் போதாது என்று பொருள். பையன்களுக்கு 7 சதவீதம், பெண்பிள்ளைகளுக்கு 12 சதவீதம் கொழுப்புக்குக் கீழே இறங்கக் கூடாது. வாரத்துக்கு உடல் எடையில் ஒன்றரை சதவீதத்துக்கு மேல் குறைக்கக் கூடாது. இதில் ஒரு வரியைக்கூட நாங்கள் குறை சொல்லவில்லை.

நடப்பது என்ன என்று ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சோதனை நாளில் ஒரு பையன் 150 பவுண்டு. மேற்கையின் பின்புறம், தோள்பட்டை எலும்புக்குக் கீழே, வயிறு என மூன்று இடங்களில் காலிப்பரால் தோல்மடிப்பைப் பிடித்து அளந்தால் கொழுப்பு 15 சதவீதம் என்று வருகிறது. கொழுப்பில்லாத உடல் 127.5 பவுண்டு. 7 சதவீதக் கொழுப்பு போக மிச்சம் 93 சதவீதம் என்பதால் அதை 0.93ஆல் வகுத்தால், அவன் இறங்கக்கூடிய குறைந்த எடை 137.1. ஆக, 138 பவுண்டுப் பிரிவு அவனுக்குத் திறந்துவிட்டது. காலிப்பர் 14 சதவீதம் காட்டியிருந்தால் கணக்கு 138.7இல் நிற்கும், 138 பிரிவு மூடிவிடும், அடுத்த பிரிவுதான். பிடிக்கிறவர் விரல் கொஞ்சம் முன்னே பின்னே நகர்ந்தாலே ஒரு சதவீதம் மாறிவிடும் என்பது அளப்பவர்களுக்குத் தெரியும். அதையும் விட்டுவிடுவோம், அளவு சரி என்றே வைத்துக்கொள்வோம். 12 பவுண்டு இறங்க வேண்டும். வாரத்துக்கு இரண்டேகால் பவுண்டு வீதம் ஆறாவது வாரத்தில் 138ஐத் தொடலாம் என்று கணினி ஒரு தேதி கொடுக்கிறது.

அந்தத் தேதி சொல்வது ஒன்றே ஒன்றுதான்: அதற்கு முன்னால் அவன் 138இல் ஆட முடியாது. அன்றாடம் அவன் எத்தனை பவுண்டு இருக்கிறான் என்று யாரும் கேட்பதில்லை. ஆகவே ஆறு வாரமும் வழக்கம்போல இருந்துவிட்டு, திங்கட்கிழமை 147இல் இருப்பவன் வியாழக்கிழமை மாலை 138க்கு வந்து நிற்கிறான். மூன்று நாளில் ஒன்பது பவுண்டு, உடல் எடையில் ஆறு சதவீதம். வாரத்துக்கு ஒன்றரை சதவீதம் என்ற உங்கள் விதியோ காகிதத்தில் ஒரு கீறல்கூடப் படாமல் இருக்கிறது.

அந்த மூன்று நாளைப் பற்றித்தான் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். மூன்று நாளில் கொழுப்பு ஒன்பது பவுண்டு கரையாது. போவது தண்ணீரும் குடலில் இருப்பதும். செவ்வாயன்று உப்பும் ரொட்டியும் நிற்கும். மாவுச்சத்து நின்றால் தசையில் சேர்ந்திருக்கும் கிளைகோஜன் குறையும், அதோடு ஒட்டியிருக்கும் நீரும் வெளியேறும். புதனன்று தண்ணீர் மடக்குக் கணக்குக்கு வரும். மாலைப் பயிற்சியில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று ஹூடி, கதவைச் சாத்தி ஹீட்டரை ஏற்றிய அறை, ஓடாத சைக்கிளில் முக்கால் மணி நேரம். ரப்பர் உடை, சானா, வெந்நீர்க் குளியல், நீர் பிரிக்கும் மாத்திரை எல்லாவற்றையும் தடை செய்திருக்கிறீர்கள். பருத்தி ஹூடியின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. வியாழனன்று மதிய உணவு வேளையில் நண்பர்கள் பீட்சா தின்ன, இவன் புளிப்பு மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு காலி பாட்டிலில் எச்சிலைத் துப்பிக்கொண்டிருப்பான். அரை லிட்டர் பாட்டில் நிறைந்தால் ஒரு பவுண்டு சொச்சம் குறையும் என்பது அந்த வயதுக்குத் தெரிந்த இயற்பியல். ஐந்தாவது பீரியட் கணக்கு வகுப்பில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நண்பகலுக்குப் பிறகு சிறுநீரே வராது. வந்தாலும் கடுங்காப்பி நிறம். வயது பதினைந்து, பதினாறு.

மாலையில் தராசு. 137.8. தோழர்கள் முதுகில் தட்டுகிறார்கள். இரண்டு அணி மோதும் போட்டியானால் எடை பார்ப்பதற்கும் ஆட்டத்துக்கும் இடையே அதிகபட்சம் ஒரு மணி நேரம். எடையை வற்றடித்தவன் மீள நேரம் கிடைக்காது, ஆகவே வற்றடிக்க மாட்டான் என்று நினைத்துத்தான் இடைவெளியைச் சுருக்கினார்கள். நினைப்பு நியாயமானது. ஆனால் பயப்படுகிறவன் ஏற்கனவே இறக்காமல் இருந்துகொண்டான். மற்றவன் இறக்கிவிட்டு, மீள நேரமில்லாமல் அப்படியே மேட்டில் ஏறுகிறான். ஒரு லிட்டர் தண்ணீரை மடமடவென்று குடித்தாலும் இழந்த நீர் முழுதும் உடனே ஈடாகாது. ரத்தமும் தசையும் முழுதாக மீளப் பல மணி நேரம் ஆகும். மூன்றாவது சுற்றில் கால் இழுத்துக்கொண்டு ஒருவன் படுத்தால் ரசிகர்கள் "கண்டிஷன் போதாது" என்கிறார்கள். நடுவர் ஸ்டாலிங் என்று கை காட்டுகிறார்.

இவ்வளவு பேரைக் கண்காணிக்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியும் என்று நீங்களே காட்டியிருக்கிறீர்கள். 2018 டிசம்பரில் நியூஜெர்சியில் சடைமுடி வைத்திருந்த ஒரு கறுப்பின மாணவனை, ஒன்று முடியை வெட்டு, இல்லையேல் ஆட்டத்தை விடு என்று நடுவர் நிற்க வைத்தார். அவகாசம் 90 நொடி. மேட்டின் ஓரத்திலேயே கத்தரிக்கோலும் கிடைத்தது. முடி நீளத்துக்கான அந்தக் கட்டுப்பாட்டை நீங்கள் எடுத்தது 2021இல். ஆக, தலைக்கு வெளியே இருப்பதைப் பார்க்க 90 நொடி போதுமாக இருந்தது. உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க மட்டும் பருவத்துக்கு ஒருமுறைதான் நேரம் கிடைக்கிறது போலும். நகத்தைப் பார்க்கிறீர்கள், தோலில் படர்தாமரை இருக்கிறதா என்று பார்க்கிறீர்கள், பல் கம்பிக்குக் கவசம் இருக்கிறதா என்று பார்க்கிறீர்கள். பார்க்க வேண்டியவைதான். அந்த வரிசையில் இன்னொன்று.

மன்னிக்கவும், கோரிக்கைக்கு வருகிறோம்.

எல்லோரையும் சோதிக்கச் சொல்லவில்லை. 32 அணி, 14 பிரிவு என்றால் 448 பிள்ளைகள். எந்தப் பள்ளியாலும் ஆகாது. ஆனால் இரண்டு அணி மோதும் போட்டியில் எந்தப் பிரிவிலிருந்து தொடங்குவது என்று ஏற்கனவே குலுக்கல் போடுகிறீர்கள். அதே குலுக்கலில் இன்னொரு சீட்டை எடுங்கள். வருகிற பிரிவில் இருக்கும் இருவரும் தராசில் ஏறுவதற்குச் சற்று முன் மாதிரி கொடுக்கட்டும். ஒப்படர்த்தியை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் எனும் கைக்கருவியின் கண்ணாடியில் ஒரு துளி விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் எண் தெரியும், ஒரு நிமிட வேலை. நிறம் மாறும் காகிதப் பட்டை வேண்டாம். அது காரத்தன்மையிலும் புரதத்திலும் தடுமாறும். பெரிய போட்டிகளில் இரண்டு பிரிவைக் குலுக்கி எடுத்தால் போதும்.

ஏமாற்ற மாட்டார்களா? முயல்வார்கள். சோதனைக்கு முன் ஒரு லிட்டர் குடித்தால் துளி தெளிவாகிவிடும் என்பது பழைய தந்திரம். பருவத் தொடக்கத்துச் சோதனையில் அதற்கு விலை கிடையாது. எடை பார்க்கும் நாளில் அந்த ஒரு லிட்டர் தராசில் 2.2 பவுண்டாக ஏறி நிற்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் ஏமாற்ற முடியாது. இந்தக் கோரிக்கையின் பலமே அதுதான். மாதிரியை மாற்றி வைக்கும் தந்திரத்துக்கு, அதே பாலினத்தைச் சேர்ந்த ஒரு பெரியவர் பக்கத்தில் நிற்க வேண்டும். எடை பார்க்கும்போது எப்படியும் ஒருவர் நிற்கத்தான் செய்கிறார்.

தவறினால் என்ன செய்வது என்பதற்கும் புது விதி தேவையில்லை. பருவத் தொடக்கத்தில் தவறுகிறவனைத் திருப்பி அனுப்பி இன்னொரு நாள் வரச் சொல்கிறீர்கள். அதையே இங்கும் சொல்லுங்கள். அன்று ஆட வேண்டாம். மேல் பிரிவுக்கு மாற்றி ஆட விடுவதும் சரியாகாது. வற்றிய உடம்பைக் கனத்தவனோடு மோத விடுவதாகிவிடும். மாற்று ஆள் இல்லாத அணி அந்தப் பிரிவை ஆடாமலே விட்டுக்கொடுக்கும்; எதிரணிக்கு ஆறு புள்ளி போகும். கோச்சுக்குக் கோபம் வரும். வரட்டும். 138இல் ஆள் வேண்டும் என்று செப்டம்பரிலேயே கணக்குப் போட்டவர் அவர்தானே.

தசை மிகுந்த சில பிள்ளைகளுக்கு நன்றாகத் தண்ணீர் குடித்தும் எண் சற்றுக் கூடவே நிற்கும் என்ற ஆட்சேபம் வரும். உண்மைதான். அவர்களுக்கு மருத்துவர் கையெழுத்தோடு விலக்குக் கொடுக்கலாம். தோல் நோய்க்கு அப்படி ஒரு படிவத்தை ஏற்கனவே வைத்திருக்கிறீர்கள்.

தமிழ் வாசகர்களுக்கு இது தூரத்து விஷயமல்ல. பாரிஸ் 2024இல் 50 கிலோ இறுதிப் போட்டியன்று காலை 100 கிராம் கூடியதற்காக வினேஷ் போகத் வெளியேற்றப்பட்டபோது நம் ஊர் டீக்கடை வரை பேசினோம். இரவு முழுதும் உறங்காமல் எடை இறக்கியதையும் முடியை வெட்டியதையும் கேட்டு வருந்தினோம். அவர் வளர்ந்தவர், கூட மருத்துவர்கள் இருந்தார்கள். நாங்கள் பேசும் பிள்ளைகளுக்கு வாக்குரிமை இல்லை, அருகில் மருத்துவரும் இல்லை. எச்சில் பாட்டில்தான் இருக்கிறது. பெண்கள் மல்யுத்தமும் இப்போது வேகமாகப் பெருகுகிறது. 2022-23இலேயே பெண் போட்டியாளர்கள் ஐம்பதாயிரத்தைத் தாண்டிவிட்டார்கள். 12 சதவீதக் கோட்டைக் காப்பாற்றுவதாக இருந்தால் அதைப் பழக்கம் ஊறுவதற்கு முன்னாலேயே செய்ய வேண்டும்.

மாநிலச் சங்கத்தாருக்குத் தனியாக ஒரு சொல். விதிப் புத்தகம் மாறட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். விஸ்கான்சின் குறைந்தபட்ச எடைத் திட்டத்தைத் தொடங்கியது 1989இல். தேசிய விதி வர அதன்பின் 17 ஆண்டுகள் ஆயின. உங்கள் மாநிலப் போட்டியில் ஒரு பருவம் நடத்திப் பார்க்க யாரும் தடுக்கப் போவதில்லை.

அடுத்த விதிக் கூட்டத்தின் பொருள் நிரலில் இதைச் சேர்க்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். சேர்க்க இயலாது என்றால் ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள். பருவத்தில் ஒரு நாளுக்குத் தேவைப்படும் 1.025, மற்ற நாட்களுக்கு ஏன் தேவைப்படவில்லை என்பதையும் அந்த வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
படிக்கட்டில் உட்கார்ந்து கத்துகிறவர்களில் சிலர்