ஆசிரியர் மன்றச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், மன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நமது கல்லூரி ஆசிரியர் மன்றத்தின் 2024–25ஆம் ஆண்டு அறிக்கையைப் பொதுக்குழு முன் வைக்கிறேன்.

மன்றத்தின் உறுப்பினர் எண்ணிக்கை 46. நிரந்தரப் பணியில் இருப்பவர்கள் 21 பேர், கௌரவ விரிவுரையாளர்கள் 25 பேர். செயற்குழு ஏழு முறை கூடியது. நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு விடுமுறை விட்டதால் அந்த மாதக் கூட்டம் நடக்கவில்லை. ஆசிரியர் தின விழா, பொங்கல் விழா, பணி நிறைவு பெற்ற இருவருக்குப் பாராட்டு விழா ஆகியவை வழக்கம்போல் நடந்தன. கொடைக்கானல் சுற்றுலாவுக்குப் போதிய பேர் சேராததால் அது கைவிடப்பட்டது.

இனி, முதலாண்டு மாணவர் நோட்டுத் திட்டம். மாணவர் ஒவ்வொருவரிடமும் ஆசிரியர் பேசி, கேட்டதை ஒரு நோட்டில் குறித்துக்கொள்வது இது. சென்ற பொதுக்குழுவில் இதற்கு அனுமதி கேட்டபோது, "வார்டு சிஸ்டம் ஏற்கெனவே இருக்கிறதே, இது எதற்கு?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். அன்று நேரமில்லை, இன்று பதில் சொல்கிறேன். வார்டு சிஸ்டம் என்பது ஒரு ஆசிரியரின் பொறுப்பில் முப்பது மாணவர்களை விடுவது. அதில் நம்மிடம் இருப்பது மாணவர் கையெழுத்து. கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வருகிறது என்றால் முப்பது பேரிடமும் ஒரே நாளில் வாங்கி ஃபைலில் வைக்கிறோம். அந்த முப்பது பேரில் எத்தனை பேருடைய ஊர் நமக்குத் தெரியும்?

நோட்டுத் திட்டத்தில் ஒரு ஆசிரியருக்கு 20 முதலாண்டு மாணவர்கள். கல்லூரி திறந்து ஆறு வாரத்துக்குள் ஒவ்வொருவரிடமும் பத்து நிமிடம் தனியாகப் பேச வேண்டும். அறைக் கதவு திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேப்பமரத்தடி பெஞ்சு. எந்த ஊர், எந்த பஸ், பிளஸ் டூவில் எந்தக் குரூப், வீட்டிலிருந்து காலேஜுக்கு வரும் முதல் ஆளா, வேலைக்குப் போகிறாரா என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். சாதி, குடும்பச் சண்டை எதையும் எழுதக் கூடாது. யாருக்கும் கைமாற்றாகப் பணம் கொடுக்கக் கூடாது. நோட்டு அட்டையின் உள்பக்கம் 14416 என்ற மனநல உதவி எண்ணை ஒட்டியிருக்கிறோம். நம் கைக்கு மீறிய விஷயம் வந்தால் நாமே வைத்தியம் பார்க்காமல் அந்த எண்ணைத் தர வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

ஜூலைக் கூட்டத்தில் எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற அமெரிக்க உளவியலாளர்களின் கருத்தை எடுத்துப் பேசினோம். ஒருவருக்குத் தானாகப் படிக்கத் தோன்ற மூன்று வேண்டும் என்பது அவர்கள் சொல்வது: நாமே விரும்பிச் செய்கிறோம் என்ற எண்ணம், நம்மால் முடியும் என்ற தெம்பு, இங்கே நமக்கு ஆள் இருக்கிறது என்ற ஒட்டுதல். கூட்டத்துக்கு வந்தவர்கள் 14 பேர். வராதவர்களுக்காக, என் வகுப்பில் நடந்ததையே சொல்கிறேன்.

நான் எடுப்பது பி.காம். முதலாண்டு அக்கவுண்ட்ஸ். "புரியுதா?" என்று கேட்டால் 58 பேரும் தலையாட்டுவார்கள். ஆகஸ்டில் ஒருநாள் ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டுக் கொடுத்து, புரியாததைப் பெயர் போடாமல் எழுதச் சொன்னேன். நாலாக மடித்து வந்த ஒரு சீட்டில் பென்சிலால் இப்படி இருந்தது: "சார் டெபிட் எந்தப் பக்கம்னே எனக்குத் தெரியல. கேட்டா சிரிப்பாங்க." வகுப்பு தொடங்கி ஏழு வாரம் ஆகியிருந்தது. டெபிட், கிரெடிட் என்பது அக்கவுண்ட்ஸின் முதல் பாடம். நான் இறுதிக் கணக்குக்கே போய்விட்டேன்.

நோட்டைப் புரட்டினேன். பிளஸ் டூவில் காமர்ஸ் எடுக்காமல், சயின்ஸ் குரூப் படித்து, இடம் கிடைத்தது என்பதற்காக பி.காம். சேர்ந்தவர்கள் 11 பேர். கொடுக்கல் வாங்கலை முதலில் எழுதும் ஏடான ஜர்னல் என்ற சொல்லையே அவர்கள் முதலில் கேட்டது என் வகுப்பில்தான். அப்புறம் வாரம் இரண்டு நாள், காலை ஷிப்ட் முடிந்ததும் அரை மணி நேரம் அவர்களோடு உட்கார்ந்தேன். 2.10 பஸ்ஸை விட்டால் சிலருக்கு நாலு மணிக்குத்தான் அடுத்த பஸ், அதனால் அதற்குமேல் நீட்டவில்லை. செமஸ்டரில் எட்டுப் பேர் அந்தப் பேப்பரில் பாஸ். மூன்று பேருக்கு அரியர் இருக்கிறது, ஆனாலும் வகுப்புக்கு வருகிறார்கள்.

இதே நேரத்தில் நான் ஒரு பழக்கத்தையும் விட்டேன். இன்டர்னல் டெஸ்ட் மதிப்பெண்ணை அதிகத்திலிருந்து குறைவு வரை வகுப்பில் சத்தமாக வாசிப்பது என் பதினைந்து வருட வழக்கம். போட்டி வரும் என்று நம்பினேன். கடைசியாக வாசிக்கப்பட்ட ஒரு மாணவி மறுநாளிலிருந்து நாலு நாள் வரவில்லை. இப்போது பேப்பரை ஒரு வாரத்துக்குள், கீழே ஒரு வரி எழுதி, கையில் கொடுத்துவிடுகிறேன். அந்த ஒரு வரியைக் காட்டி "இது என்ன சார்?" என்று கேட்க அறைக்கு வருபவர்கள் உண்டு.

இன்னொரு மாணவர் மாதத்தில் நாலைந்து நாள் வரமாட்டார். வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. விசாரித்தால், கேட்டரிங் வேலை. ஒரு கல்யாணப் பந்திக்குப் போனால் 600 ரூபாய். "அரசு மாசாமாசம் தர்ற தமிழ்ப் புதல்வன் பணம் ஆயிரம் வருதேப்பா?" என்றேன். "அது அம்மாவோட குழுக்கடனுக்கு சார்" என்றார். வேலையை விடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தினசரி காலண்டரை எடுத்து இருவரும் முகூர்த்த நாள்களைக் குறித்தோம். என் டெஸ்டுகளை அந்த நாள்களில் வைப்பதில்லை என்று நான் ஒத்துக்கொண்டேன், மற்ற நாளெல்லாம் வருவதாக அவர் ஒத்துக்கொண்டார். "காலேஜ் நடத்துகிறோமா, கல்யாண மண்டபம் நடத்துகிறோமா?" என்று ஆசிரியர் அறையில் பேச்சு வந்தது. அந்த மாணவரின் இப்போதைய வருகை 79 சதவீதம்.

இனிச் சொல்வதைக் கோபமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 40 நோட்டுகள் வாங்கினோம். 28 பேர் பெற்றுக்கொண்டார்கள். முழுதாக எழுதித் திருப்பித் தந்தவர்கள் 17 பேர், அவர்களில் 13 பேர் கௌரவ விரிவுரையாளர்கள். மாதம் 25,000 ரூபாயில் குடும்பம் நடத்திக்கொண்டு, அடுத்த ஆண்டு இடம் உண்டா என்று தெரியாமல் இருப்பவர்கள்தான் இதைச் செய்தார்கள். 12 நோட்டுகள் அலமாரியிலேயே இருந்தன. அதாவது 240 மாணவர்களிடம் யாரும் பேசவில்லை.

அவர்களில் ஒருவர் பொங்கலுக்குப் பிறகு வரவில்லை. சம்பா அறுவடை நேரம், வயல் வேலையாக இருக்கும் என்று எல்லோரும் விட்டுவிட்டோம். பிப்ரவரி கடைசியில் நானே போன் செய்தேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார். பின்னால் தையல் மெஷின் சத்தம் கேட்டது. "இவ்ளோ நாளா யாரும் கேக்கல சார், பேரு எடுத்துட்டாங்கன்னு நெனச்சேன்" என்றார். மார்ச்சில் அவருடைய அப்பா வந்து டி.சி. வாங்கிப் போனார். அந்த நோட்டை நான் எடுத்து எழுதியிருக்கலாம். செயலாளர் என்ற முறையில் அந்தப் பொறுப்பு எனக்கும் உண்டு.

சந்தா ஆண்டுக்கு 600, கௌரவ விரிவுரையாளர்களுக்கு 300. இன்னும் 14 பேர் கட்டவில்லை, அதில் ஒருவர்கூடக் கௌரவ விரிவுரையாளர் இல்லை. மூன்று முறை நினைவூட்டினேன். பெயர்களை இங்கே வாசிக்க விரும்பவில்லை, பொருளாளரிடம் பட்டியல் இருக்கிறது. வரவு செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. விழாச் செலவு போக ஒரு சிறு தொகை கையிருப்பில் உள்ளது. விவரத்தைப் பொருளாளர் தமது அறிக்கையில் தருவார். நோட்டு வாங்கிய செலவு சந்தாப் பணத்திலிருந்து எடுக்கப்பட்டது, ரசீது இருக்கிறது.

முதல்வர் அவர்களுக்கும், கூட்டத்துக்கு இடம் தந்த நூலகருக்கும், மரத்தடியில் பெஞ்சு போட்டுத் தந்த அலுவலக உதவியாளர்களுக்கும், 17 நோட்டுகளை எழுதித் தந்தவர்களுக்கும் மன்றத்தின் நன்றி.

வரும் ஆண்டுக்குப் புதிய செயற்குழு அமைய வேண்டும். நானே தொடர வேண்டும் என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். 40 நோட்டுக்கும் ஆள் இருந்தால் தொடர எனக்குச் சம்மதம். இல்லையென்றால் வேறொருவர் வருவதே முறை, அவருக்கு நோட்டுகளை ஒப்படைத்துவிடுகிறேன். எழுதாத 12 நோட்டும் புதிதாகவே இருக்கின்றன. நூலகத்தின் இரண்டாவது அலமாரி, சாவி நூலகரிடம். இன்று கூட்டம் முடிந்த பிறகு அரை மணி நேரம் அங்கே இருப்பேன்.

இப்படிக்கு,
செயலாளர்