மூடி திறக்காத டப்பா

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, அம்மா இப்போது கைத்தடி இல்லாமல் அறைக்குள் நடக்கிறார் என்று படித்ததும் மனசு லேசாகிவிட்டது. எனக்கு வேலை நேரம் மாறியிருக்கிறது. காலை ஏழு மணிக்கெல்லாம் கிளம்பியாக வேண்டும், அதனால்தான் உடனே எழுத முடியவில்லை.

நான்கு வயது முடிந்த சின்னவன் அடுத்த மாதம் பள்ளிக்கூடம் போகிறான், மதியத்துக்கு என்ன கட்டிக் கொடுப்பது என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். சத்தாக என்ன கொடுக்கலாம் என்றும் கேட்டிருந்தாய். அதைச் சொல்வதற்கு முன்னால் என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

மகள் முதல் வகுப்பில் சேர்ந்த புதிதில் டப்பா பாதி அப்படியே திரும்பி வரும். சில நாள் தொட்டே இருக்கமாட்டாள். காய் பிடிக்கவில்லை போல என்று காயை மாற்றினேன். சோற்றுக்குப் பதில் ரொட்டி வைத்தேன். ஒன்றும் மாறவில்லை. ஒரு நாள் பொறுமை போய்த் திட்டியும் விட்டேன். அவள் ஒன்றும் பேசாமல் நின்றது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே டப்பாவில் சாப்பாடு போட்டு அவள் முன்னால் வைத்து, பள்ளியில் எப்படிச் சாப்பிடுவாயோ அப்படியே சாப்பிட்டுக் காட்டு என்றேன். அவளால் மூடியைத் திறக்க முடியவில்லை. நான்கு பக்கமும் கிளிப் போட்ட, ஒரு சொட்டு சிந்தாத நல்ல டப்பா என்று நான்தான் தேடித் தேடி வாங்கியது. யாராவது பெரியவர் வந்து திறந்துவிடும்வரை உட்கார்ந்திருப்பாளாம். அதற்குள் மணியடித்துவிடும். தோல் உரிக்காமல் வைத்த ஆரஞ்சும் அதனால்தான் முழுசாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

அதனால் முதலில் டப்பாவைப் பார். அவனே ஒரு வாரம் வீட்டில் அதைத் திறந்து மூடிப் பழகட்டும். அதிலேயே சாப்பிடட்டும், நீ கடிகாரத்தைப் பார்த்துக்கொள். இருபது நிமிடத்துக்குள் முடிக்க முடிகிற அளவுதான் வைக்க வேண்டும். எல்லாம் ஒரு வாய்க்கு ஏற்ற துண்டாக இருக்கட்டும். ஒன்று மட்டும் கவனம்: ஐந்து வயதுக்குள் இருக்கிற பிள்ளைக்குத் திராட்சையை முழுதாக வைக்காதே, நீளவாக்கில் நான்காக வெட்டி வை. முழுக் கடலை, முழு முந்திரி எதுவும் வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். வகுப்பில் வேறு பிள்ளைக்குக் கடலை ஒவ்வாமை இருக்கிறதா என்றும் பள்ளியில் கேட்டுக்கொள்.

சரி, உள்ளே என்ன வைப்பது? ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளி 2011-இல் வெளியிட்ட ஒரு தட்டுப் படம் உண்டு. பாதித் தட்டு காயும் பழமும், கால் பங்கு முழுத்தானியம், கால் பங்கு பயறு, முட்டை, மீன் போன்ற புரதம். நான் அதையே டப்பாவுக்கும் கண்ணளவாக வைத்துக்கொண்டேன். புரதம் போதுமா என்று ரொம்பக் கவலைப்படாதே. நான்கிலிருந்து எட்டு வயதுவரை நாளுக்குச் சுமார் 19 கிராம் போதும் என்பது அமெரிக்கக் கணக்கு. ஒரு முட்டையிலேயே ஆறு கிராம் கிடைத்துவிடும். பயறு வைக்கிற நாளில் கூடவே இரண்டு சுளை ஆரஞ்சோ கொஞ்சம் குடைமிளகாயோ வை. பயற்றில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள வைட்டமின் சி உதவும். பழச்சாறு மட்டும் வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனம் குறைக்கச் சொல்கிற சர்க்கரைக் கணக்கில் பழச்சாற்றின் சர்க்கரையும் சேர்ந்துதான் வருகிறது. பழத்தைப் பழமாகவே கொடு, குடிக்கத் தண்ணீர் போதும்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை சாப்பாடு ஊசிப்போவதுதான். காலை ஏழுக்குக் கட்டினால் அவன் திறக்க நண்பகல் தாண்டிவிடும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமி வேகமாகப் பெருகும். சமைத்ததை அந்தச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. அதனால் சூடாகக் கொடுக்க வேண்டியதைப் பிளாஸ்க்கில்தான் போடுகிறேன். முதலில் கொதிக்கிற தண்ணீரை அதில் ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வை. பிறகு அதைக் கொட்டிவிட்டு, ஆவி பறக்கிற சாப்பாட்டைப் போட்டு உடனே மூடு. இந்த ஒரு வேலையைச் செய்யாவிட்டால் பிளாஸ்க்கே சூட்டை உறிஞ்சிவிடும். அவன் சாப்பிடும்போது வாய் பொறுக்கிற சூடாக இருக்குமா என்பதையும் ஒரு நாள் வீட்டிலேயே, அதே நேரம் வைத்துத் திறந்து பார்த்துவிடு. தயிர், வெட்டிய பழம் மாதிரி குளிர்ச்சியாக இருக்க வேண்டியதற்குப் பக்கத்தில், முந்தின இரவே உறைய வைத்த ஒரு சின்னத் தண்ணீர் பாட்டிலை வை. மதியத்துக்குள் அது உருகிக் குடிக்கவும் ஆகும். இரவு மிஞ்சிய சோற்றை வெளியிலேயே விட்டுவிட்டுக் காலையில் சூடாக்கிக் கட்டலாம் என்று மட்டும் நினைக்காதே. வெளியில் கிடக்கிற சோற்றில் ஒரு வகைக் கிருமி விடுகிற நஞ்சு சூடு பண்ணினாலும் போகாது.

புதுக் காயை டப்பாவில் பழக்க வேண்டாம். ஒரு காயைப் பிள்ளை ஏற்றுக்கொள்ள எட்டு, பத்து, சில சமயம் பதினைந்து தடவைகூட ஆகும். அதை ராத்திரிச் சாப்பாட்டில், நீ பக்கத்தில் இருந்து அதையே சாப்பிடும்போது செய். அறிமுகம் இல்லாத இடத்தில், இரைச்சலுக்கு நடுவில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிற பிள்ளைக்கு, திறந்ததும் தெரிந்த சாப்பாடாக இருக்க வேண்டும். நமக்கு அந்த வயதில் அப்படித்தானே இருந்தது? உன் டப்பாவை நானும் என் டப்பாவை நீயும் மாற்றிச் சாப்பிட ஆரம்பித்ததே நாம் சிநேகிதம் ஆன பிறகுதான்.

மிச்சம் வந்தால் ஏன் சாப்பிடவில்லை என்று கேட்காதே. நான் கேட்டுக் கேட்டுத்தான் அவளைப் பேசவிடாமல் செய்தேன். இப்போது டப்பாவை இருவரும் சேர்ந்து திறக்கிறோம். கேரட் எல்லாம் இருக்கிறதே என்றால், அது மதியத்துக்குள் வறண்டுபோச்சு அம்மா என்கிறாள். இப்போது ஈரத் துணி சுற்றி வைக்கிறேன், காலியாக வருகிறது. ஆப்பிளுக்கு எலுமிச்சைச் சாறு தடவுவது அவள் வேலை. இல்லாவிட்டால் பழுப்பாகிவிடும், அவளுக்குப் பழுப்பு ஆகாது.

அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல். முதல் வாரம் முடிந்ததும், டப்பாவில் என்னென்ன மிச்சம் வந்தது என்று நாள்வாரியாக எழுது. அடுத்த கடிதத்தில் அதை வைத்துப் பேசுவோம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி