ஃபயர்வால்: விதிகளோடு நிறுத்திவிடாதீர்கள், அட்டவணையையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லினக்ஸ் சர்வர்களுக்கு ஃபயர்வால் அமைப்பது பற்றி உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நாளிதழில், அதுவும் தமிழில், இதை ஒருவர் எழுதியிருக்கிறாரே என்று உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். "நடந்துகொண்டிருக்கும் இணைப்பையும் அதைச் சார்ந்து வருவதையும் விடு, தேவையான போர்ட்டை (ஒவ்வொரு சேவைக்கும் உள்ள எண்ணிட்ட வாசலை) திற, மற்றதையெல்லாம் தடு" என்று அவர் சொன்ன வைத்தியம் தப்பே இல்லை, எல்லாரும் அங்கிருந்துதான் தொடங்குகிறோம். எனக்கு இருக்கும் குறை ஒன்றே ஒன்று. கட்டுரை விதிகளோடு நின்றுவிட்டது. அந்த விதிகள் எதைப் பார்த்து முடிவெடுக்கின்றனவோ, இணைப்புகளைக் குறித்துவைக்கும் அந்த அட்டவணையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் விதிகளை மட்டும் காப்பி செய்து ஒட்டுகிறவர்கள் ரொம்பப் பேர் இருக்கிறார்கள் என்பதால்தான் இந்தக் கடிதம்.

கட்டுரையாளர் ஃபயர்வாலை வாசல் காவலாளிக்கு ஒப்பிட்டிருந்தார். சரிதான், ஆனால் அந்தக் காவலாளியின் கையில் ஒரு நோட்டு இருக்கிறது. முதல் தடவை வருகிறவரைத்தான் உத்தரவுத் தாளோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். விட்டுவிட்டால் பெயரை நோட்டில் எழுதிக்கொள்வார், அப்புறம் அந்த ஆள் எத்தனை தடவை போய் வந்தாலும் நோட்டைப் பார்த்தே விட்டுவிடுவார். லினக்ஸில் அந்த நோட்டுதான் கான்ட்ராக் (இணைப்புக் கண்காணிப்பு) அட்டவணை. ஒரு இணைப்பின் முதல் பாக்கெட் (தரவு பயணிக்கும் சிறு பொட்டலம்) வந்ததும் அனுப்புகிறவரின் முகவரி, அவருடைய போர்ட், பெறுகிறவரின் முகவரி, அவருடைய போர்ட், எந்த புரோட்டோகால் (டிசிபி, யுடிபி போன்ற பேச்சு முறை) என்ற ஐந்தையும் லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் குறித்துக்கொள்கிறது, பதில் எப்படித் திரும்பும் என்பதையும் தலைகீழாகச் சேர்த்தே எழுதிவைக்கிறது. அந்த பாக்கெட் எல்லா விதிகளையும் தாண்டிப் போனால்தான் பதிவு உறுதியாகும். வழியில் எங்கேயாவது டிராப் ஆனால் அட்டவணையில் இடம் பிடிக்காது.

இந்த வசதி எப்போதும் இருந்ததல்ல. கர்னல் 2.2 காலத்தில் இருந்த ஐபிசெயின்ஸ் என்ற பழைய ஃபயர்வாலுக்கு ஞாபகமே கிடையாது, ஒவ்வொரு பாக்கெட்டும் அதற்குப் புது ஆள்தான். இணைப்பு ஏற்படுத்தாமலே அனுப்பும் யுடிபியில் பதில் உள்ளே வரவேண்டும் என்றால் 1024-க்கு மேலே உள்ள போர்ட்களைத் திறந்துவைக்கத்தான் வேண்டியிருந்தது. இணைப்பு ஏற்படுத்திப் பேசும் டிசிபியில், இணைப்பைத் தொடங்கும் சின் கொடி மட்டும் தனியாக இருக்கிறதா என்று பார்த்துத் தடுப்பார்கள், பெற்றுக்கொண்டேன் என்று சொல்லும் ஏக் கொடியைப் போட்டு அனுப்பினால் அது உள்ளே வந்துவிடும். 2001 ஜனவரியில் வந்த 2.4 கர்னலில் பாக்கெட்டைப் பிடிக்கும் நெட்ஃபில்டரும் அதற்கு விதி எழுதும் ஐபிடேபிள்ஸும் சேர்ந்த பிறகுதான் இந்தத் தொல்லை ஒழிந்தது. 2014-இல் 3.13 கர்னலோடு என்எஃப்டேபிள்ஸ் வந்தது, எழுதும் முறை மாறியது. அடியில் இருக்கும் கான்ட்ராக் அதேதான்.

சரி, நோட்டைத் தெரியாதவருக்கு என்ன நஷ்டம் என்பதற்கு வருகிறேன். சந்தேகத்துக்குரிய ஒருவர் 203.0.113.5 என்ற முகவரியிலிருந்து உங்கள் சர்வருக்குள் எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து லாகின் செய்யும் வழி, 22-ஆம் போர்ட்) வழியாக இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதறிப்போய் அந்த முகவரியைத் தடுக்கும் விதியை எழுதி, பட்டியலின் கடைசியில் சேர்க்கிறீர்கள். 22-ஆம் போர்ட்டைத் திறந்துவைத்த விதியையும் நீக்கிவிடுகிறீர்கள். அவருக்கு ஒன்றுமே ஆகாது, உள்ளே உட்கார்ந்து வேலையைப் பார்த்துக்கொண்டேதான் இருப்பார். அவருடைய பாக்கெட்கள் பட்டியலின் உச்சியில் இருக்கும் "எஸ்டாப்ளிஷ்ட் (நடந்துகொண்டிருக்கும் இணைப்பு) என்றால் விடு" விதியிலேயே பாஸ் ஆகிவிடுகின்றன, நீங்கள் எழுதிய தடைவரை வருவதே இல்லை. கான்ட்ராக் கருவியில் பட்டியல் கேட்டுப் பாருங்கள், அவருடைய வரி அங்கே இருக்கும்: டிசிபி என்று தொடங்கும், அடுத்து 431996 என்பதுபோல ஒரு எண், எஸ்டாப்ளிஷ்ட் என்ற நிலை, பிறகு 203.0.113.5-இன் 51514-ஆம் போர்ட்டிலிருந்து உங்கள் சர்வரான 192.0.2.10-இன் 22-க்கு, அப்புறம் அதே விவரம் திருப்பிப் போட்டு, கடைசியில் அஷ்யூர்ட் (இரு பக்கமும் பேசி உறுதியானது) என்ற முத்திரை. அந்த எண் இன்னும் எத்தனை விநாடிக்கு அந்தப் பதிவு உயிரோடு இருக்கும் என்பதைச் சொல்கிறது. 432000-இல் தொடங்குகிறது, அதாவது முழுசாக 5 நாள். அவர் ஒரு எழுத்தைத் தட்டினாலும் மறுபடி 432000.

ஆகவே விதி எழுதியதோடு வேலை முடியவில்லை, அந்தப் பதிவையும் அழிக்க வேண்டும். அதிலும் வரிசை முக்கியம். முதலில் தடுக்கும் விதி, அதன் பிறகு பதிவை அழிப்பது. மாற்றிச் செய்தால் என்ன ஆகும்? லினக்ஸில் இயல்பாகவே டிசிபி லூஸ் என்ற அமைப்பு 1-இல் இருக்கிறது. இணைப்பின் நடுவிலிருந்து வரும் பாக்கெட்டைப் பார்த்தாலும் அதைப் புது இணைப்பாக எடுத்துக்கொண்டு தொடரச் சொல்லும் அமைப்பு அது. 22-ஆம் போர்ட் இன்னும் திறந்திருக்கும்போது பதிவை மட்டும் அழித்தீர்களானால், அவருடைய அடுத்த பாக்கெட் "நியூ" என்று வந்து, அனுமதி வாங்கி, அட்டவணையில் திரும்ப உட்கார்ந்துவிடும்.

இதே குணம் நல்லவர்களையும் கவிழ்க்கும். தூரத்தில் இருக்கும் சர்வரில் விதிகளைத் திருத்துகிறோம், கை தவறி எஸ்எஸ்எச் போர்ட்டைத் திறக்கும் விதியைச் சேர்க்க மறந்துவிடுகிறோம். புது விதிகள் ஏறுகின்றன, திரை அப்படியே வேலை செய்கிறது, ஏனென்றால் நம்முடைய இணைப்பும் பழைய பதிவில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லாம் சரி என்று வெளியே வந்துவிட்டால் திரும்ப உள்ளே போக வழி இல்லை. முதல் திரையை மூடாமல் இன்னொரு திரையில் புதிதாக லாகின் செய்து பார்த்த பிறகுதான் வேலை முடிந்தது என்று சொல்ல வேண்டும். கட்டுரையில் இந்த ஒரு எச்சரிக்கையாவது இருந்திருக்கலாம் என்பது என் வருத்தம்.

அடுத்தது அட்டவணை நிரம்பிப்போவது. இதுதான் ஆட்களை ரொம்ப அலையவிடுகிறது. சிபியு சும்மா இருக்கும், மெமரி இருக்கும், ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கு எல்லாம் ஒழுங்காக ஓடும், புதிதாக வருகிறவர்களுக்கு மட்டும் சில நேரம் கிடைக்கும், சில நேரம் கிடைக்காது. அப்ளிகேஷனைக் குறை சொல்வார்கள், கேபிளை மாற்றுவார்கள், ரீபூட் செய்வார்கள், ரீபூட்டில் அட்டவணை காலியாகிவிடுவதால் கொஞ்ச நேரம் சரியாகவும் இருக்கும், அதனால் அசல் காரணம் இன்னும் ஆழமாகப் புதைந்துபோகும். கர்னல் லாகைத் திறந்து பார்த்தால் "டேபிள் ஃபுல், டிராப்பிங் பாக்கெட்" என்று வரிவரியாக எழுதிவைத்திருக்கும். லாகை முதலில் பார்ப்பவர்கள் குறைவு.

அப்படி ஆனால் அதிகபட்ச எண்ணிக்கையைக் கூட்டு என்பதுதான் எங்கும் கிடைக்கிற பதில். கூட்டலாம், ஒரு பதிவுக்குச் சில நூறு பைட்தான் பிடிக்கும், இன்றைய மெமரிக்கு அது பெரிதல்ல. கூட்டும்போது பதிவுகளைப் பிரித்துவைக்கும் ஹேஷ் பக்கெட் எண்ணிக்கையையும் சேர்த்துக் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு தேடலும் நீண்ட சங்கிலியைத் தடவிக்கொண்டே போகும். ஆனால் ஏன் நிரம்பியது என்று கேட்காமல் கூட்டக் கூடாது. இணையப் பெயருக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ் சர்வர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கேள்வியும் வேறு வேறு போர்ட்டிலிருந்து வருகிறது, யுடிபி பதிவுக்கு ஆயுள் 30 விநாடி, பதில் ஒரு மில்லி விநாடியில் போய்விட்டாலும் பதிவு அரை நிமிடம் அட்டவணையிலேயே கிடக்கும். விநாடிக்கு 5000 கேள்வி வந்தால் எந்நேரமும் 1,50,000 பதிவுகள். பல இயந்திரங்களில் உச்சவரம்பே 65536-ஆக இருந்த காலம் உண்டு, இன்றும் அந்த எண்ணோடு ஓடும் இயந்திரங்கள் இருக்கின்றன. இங்கே தேவை பெரிய அட்டவணை அல்ல, ஒரே கேள்வி ஒரே பதிலோடு முடிகிற விஷயத்தை அட்டவணையில் எழுதாமலே விடுவதுதான். கான்ட்ராக் பார்ப்பதற்கு முன்னாலேயே, ரா கட்டத்தில், டிஎன்எஸ்ஸின் 53-ஆம் போர்ட்டுக்கு வரும் கேள்விகளைக் கண்காணிக்காதே என்று சொல்லிவிடலாம்.

சொல்லும்போது பாதியில் நிறுத்திவிடக் கூடாது. உள்ளே வரும் கேள்விக்கு மட்டும் விலக்கு கொடுத்துவிட்டு, 53-ஆம் போர்ட்டிலிருந்து வெளியே போகும் பதிலை மறந்துவிட்டால், அந்தப் பதிலே ஒரு புது இணைப்பாக அட்டவணையில் ஏறிவிடும், நிலைமை முன்பு மாதிரியேதான். அதனால் அவுட்புட் பக்கமும் விலக்கு வேண்டும். அதோடு, விலக்கு பெற்ற பாக்கெட் "அன்ட்ராக்ட்" என்ற நிலையில் வருவதால் எஸ்டாப்ளிஷ்ட் விதி அதற்குப் பொருந்தாது, அதை அனுமதிக்கத் தனி விதி எழுத வேண்டும். அதே சர்வர் வெளியே கேள்வி கேட்கிறதென்றால் அந்தத் திசையைக் கண்காணிப்பிலேயே விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் 53-லிருந்து வருகிறேன் என்று சொல்லும் எதையும் உள்ளே விடவேண்டிவரும், ஐபிசெயின்ஸ் காலத்துக்கே திரும்பிப் போனதுபோல் ஆகிவிடும்.

இன்னும் சிலர் டிசிபி பதிவின் ஆயுள் 5 நாள் என்பதைப் பார்த்து பயந்து அதை 5 நிமிடமாக வெட்டிவிடுகிறார்கள். அட்டவணை இளைத்துவிடும், உண்மைதான். ஆனால் ராத்திரி முழுக்கப் பேச்சுமூச்சு இல்லாமல் திறந்துகிடக்கும் டேட்டாபேஸ் இணைப்பு என்ன ஆகும்? இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் டிசிபி கீப்அலைவ் லினக்ஸில் இயல்பாக 7200 விநாடி, அதுவும் அப்ளிகேஷன் கேட்டுக்கொண்டால்தான் நடக்கும். அதற்குள் பதிவு போயிருக்கும், நடுவில் முகவரியை மாற்றும் நாட் இருந்தால் அந்தப் பதிவோடு முகவரி மாற்றமும் போய்விடும், காலையில் அப்ளிகேஷன் தொங்கிக்கொண்டு நிற்கும். நாட் சாதனங்களுக்கான ஆர்எஃப்சி 5382 என்ற இணையத் தர ஆவணம் இந்தக் காலவரம்பு 2 மணி 4 நிமிடத்துக்குக் குறையக் கூடாது என்று சொல்வது இதனால்தான். வெட்டுவதென்றால் அந்த அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

எந்த இணைப்போடும் சேராத இன்வேலிட் பாக்கெட்களை டிராப் செய்யக் கட்டுரையாளர் சொல்லியிருந்தார், அதையும் ஒப்புக்கொள்கிறேன். போகும் பாதை ஒன்று, வரும் பாதை ஒன்று என்று இருக்கும் நெட்வொர்க்கில் மட்டும் கவனம் வேண்டும், பாதி உரையாடலை மட்டுமே கேட்கும் ஃபயர்வாலுக்கு நல்ல பாக்கெட்டும் இன்வேலிடாகத்தான் தெரியும். அங்கே ரூட்டிங்கைச் சரிசெய்யுங்கள், விதியைத் தளர்த்தாதீர்கள்.

ஐபிவி6 (ஐபிவி4-க்கு அடுத்த தலைமுறை இணைய முகவரி முறை) விஷயத்தில்தான் கட்டுரையோடு நேராக முரண்படுகிறேன். அதே விதிகளை ஐபிவி6-க்கும் போட்டுவிடலாம் என்று போகிறபோக்கில் சொல்லியிருந்தார். அப்படியே போட்டால் நெட்வொர்க் நின்றுவிடும். ஐபிவி4-இல் பக்கத்து இயந்திரத்தைக் கண்டுபிடிக்கும் வேலையை ஏஆர்பி பார்க்கிறது, அது ஐபி விதிகளுக்குள் வராது. ஐபிவி6-இல் அதே வேலையை ஐசிஎம்பிவி6 (நெட்வொர்க் தன்னுடைய தகவலைச் சொல்லும் ஐசிஎம்பியின் ஐபிவி6 வடிவம்) பார்க்கிறது, வகை 133 முதல் 136 வரை. கான்ட்ராக் இவற்றைக் கண்காணிப்பதே இல்லை, அன்ட்ராக்ட் என்று விட்டுவிடுகிறது. நம்முடைய விதியோ எஸ்டாப்ளிஷ்ட், ரிலேட்டட் (அதைச் சார்ந்து வருவது) இரண்டையும்தான் விடச் சொல்கிறது. ஆக, ரூட்டர் "நீ இருக்கிறாயா" என்று கேட்பதே சர்வரின் காதில் விழாது. விதிகளை ஏற்றிய உடனே எல்லாம் ஓடுவதுபோலத் தெரியும், ஞாபகத்தில் இருக்கும் பக்கத்து முகவரிகள் பழையதாகிப் போனதும் ஒவ்வொன்றாக அறுந்துபோகும். இந்த நான்கு வகைகளையும் பெயர் சொல்லித் திறந்தே ஆகவேண்டும்.

ஐசிஎம்பி என்றாலே ஆபத்து என்று அதை எஸ்டாப்ளிஷ்ட் விதிக்கும் மேலே வைத்து மொத்தமாக அடைப்பதும் கூடாது. பாக்கெட் பெரிதாக இருக்கிறது, சின்னதாக அனுப்பு என்று வழியில் உள்ள ரூட்டர் சொல்லும் செய்தி ஐசிஎம்பியில்தான் வருகிறது, கான்ட்ராக் அதை உரிய இணைப்போடு சேர்த்து ரிலேட்டட் என்று அடையாளம் காட்டுகிறது. அதைத் தடுத்துவிட்டு, லாகின் ஆகிறது, பெரிய ஃபைலைத் திறந்தால் மட்டும் உறைந்துபோகிறது என்று மாதக்கணக்கில் தேடியவர்கள் இருக்கிறார்கள். ஐபிவி6-இல் வழியில் உள்ள ரூட்டர் பாக்கெட்டைத் துண்டாக்காது என்பதால் இந்தச் செய்தி அங்கே இன்னும் அவசியம்.

கடைசியாக ஹெல்பர் மாட்யூல்கள். எஃப்டிபி (ஃபைல் பரிமாற்றம்), சிப் (இணையத் தொலைபேசி) எல்லாவற்றுக்கும் ஹெல்பரை ஏற்றிவைப்பது நல்லது என்று கட்டுரை சொல்கிறது. வேண்டாம். ஹெல்பர் என்பது பாக்கெட்டின் உள்ளடக்கத்தைப் படித்து, அதில் எழுதியிருக்கும் போர்ட்டை நம்பித் திறந்துவிடும் ஆள். 2020-இல் சாமி கம்கார் காட்டிய நாட் ஸ்லிப்ஸ்ட்ரீமிங் இந்த நம்பிக்கையைத்தான் பயன்படுத்தியது, உள்ளே இருப்பவர் ஒரு இணையப் பக்கத்தைத் திறந்தாலே போதும், சிப் ஹெல்பர் ஏமாந்து வெளியாளுக்கு உள்ளே வழி விட்டுவிடும். ஹெல்பர்கள் தானாக ஒட்டிக்கொள்ளும் வழக்கத்தைக் கர்னல் 4.7-லேயே இயல்பாக நிறுத்திவிட்டார்கள். நிஜமாகவே எஃப்டிபி வேண்டும் என்றால் குறிப்பிட்ட முகவரிக்கும் போர்ட்டுக்கும் மட்டும் வெளிப்படையாக விதி எழுதி ஒட்டவையுங்கள்.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அதில் விதிகளுக்குக் கொடுக்கும் இடத்தில் பாதியையாவது அட்டவணைக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்: இப்போதைய எண்ணிக்கை எவ்வளவு, உச்சவரம்பு எவ்வளவு என்று எங்கே பார்ப்பது, புதுப் பதிவுகள் ஏற மறுத்த கணக்கைக் கான்ட்ராக் கருவி எப்படிக் காட்டுகிறது, எந்த அளவைத் தாண்டினால் எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும் என்பதையெல்லாம் எழுதினால் படிப்பவர்களுக்கு நிச்சயம் கைகொடுக்கும். ஐபிவி6 பற்றிய அந்த வரிக்கு மட்டும் அதுவரை காத்திருக்காமல் உடனே திருத்தம் போட்டுவிடுங்கள், இன்றைக்கே யாராவது அதை நம்பி விதிகளை ஏற்றிக்கொண்டிருப்பார்கள்.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்பில் இருக்கும் ஒரு வாசகர்