மூன்று இடது சட்டங்கள்: குறைதீர்ப்பு அலுவலருக்கு ஒரு புகார்

அனுப்புநர்: வேளச்சேரி வாடிக்கையாளர் (ஆர்டர் விவரம் இணைப்பில்)
பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்
நாள்: மே 31

பொருள்: வீட்டுக்குள் வைத்து விளையாடும் சறுக்கு-ஊஞ்சல் செட் முழுமையாக வராதது, ரூ. 8,499 திருப்பித் தரக் கோருவது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். இது என்னுடைய ஏழாவது கடிதம். முதல் ஆறும் மின்னஞ்சல்கள். ஆறுக்கும் அடுத்த நிமிடமே "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வந்தது. நான் கருத்து எதுவும் சொல்லவில்லை. போல்ட்டு கேட்டேன்.

எனக்கு இரண்டு குழந்தைகள், ஏழு வயதில் ஒருத்தி, நாலு வயதில் ஒருவன். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். கோடை விடுமுறைக்கு இருவரையும் வீட்டுக்குள் வைத்துச் சமாளிக்க வேண்டும் என்றுதான் ஏப்ரல் 24 அன்று உங்கள் செட்டை வாங்கினேன். 29ஆம் தேதி பெட்டி வந்தது. லிப்ட் இல்லாத கட்டடம். டெலிவரிக்கு வந்தவர் கீழேயே வைத்துவிட்டுப் போக, வாட்ச்மேனும் நானுமாக இரண்டு மாடி தூக்கி வந்தோம். அது பரவாயில்லை.

பிரித்தால், போல்ட்டுகள் இருக்க வேண்டிய பி பாக்கெட் இல்லை. பி பாக்கெட் இல்லாமல் அந்த செட் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, செய்தவர்கள் நீங்கள். பச்சைக் கிளிப் இரண்டு வர வேண்டிய இடத்தில் ஒன்றுதான் வந்தது. சட்டம், அதாவது ஃப்ரேம், இரண்டு வந்தது, இரண்டும் இடது பக்கத்துச் சட்டம். ஆறாம் எண் துளையை ஏ-3யோடு சேர்க்கச் சொல்கிறது உங்கள் தாள். சேர்த்துப் பார்த்தேன். சறுக்கு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. மே 1ஆம் தேதியே புகார் பதிந்தேன். எண் இணைப்பில் இருக்கிறது.

இதையெல்லாம் வரிசையாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் மே 6ஆம் தேதியை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு எழுத ஓடாது.

மதியம் ஒன்று பத்து. 38 நிமிடம் உங்கள் பாட்டைக் கேட்ட பிறகு ஒருவர் எடுத்தார். போல்ட்டு எப்போது வரும் என்றேன். "பதினஞ்சு ஒர்க்கிங் டேஸ் மேடம்." அதுவரை குழந்தைகளை என்ன செய்வது என்று கேட்டேன். சும்மா ஆற்றாமையில் கேட்டதுதான். அதற்கு அவர், "பார்க்குக்குக் கூட்டிட்டுப் போங்க மேடம், ஃப்ரீதானே" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் இன்னொருவரும் சிரித்தது கேட்டது.

கத்திரி ஆரம்பித்து மூன்றாவது நாள் அது. அந்த நேரத்தில் எங்கள் தெருவில் நாய்கூட வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வராது. பார்க்கில் இருப்பது இரும்புச் சறுக்கு. போன வருடம் அதில் உட்கார்ந்துதான் பெரியவளுக்குத் தொடை சிவந்து போனது, அதற்காகத்தானே ஐயா எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்து வீட்டுக்குள் வைக்கிற சறுக்கை வாங்கினேன்? உங்கள் விளம்பரத்தில் இருக்கும் வாசகமே "வெயிலுக்கு விடுமுறை" என்பதுதான். அதை உங்கள் ஆளுக்குப் படித்துக் காட்டுங்கள். உரையாடல் தரத்துக்காகப் பதிவு செய்யப்படுகிறது என்றீர்களே, அதை எடுத்துக் கேளுங்கள். கேட்டுவிட்டு எனக்கும் அனுப்புங்கள்.

மன்னிக்கவும், விஷயத்துக்கு வருகிறேன்.

பாகங்களை நேரில் வாங்கிக்கொள்ளலாம், சனிக்கிழமை வாருங்கள் என்று வேறொருவர் சொன்னார். அதை நம்பி மே 10 அன்று சின்னவனை முன்னால் நிற்க வைத்து, வேளச்சேரியிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பினேன். கிண்டி, அசோக் நகர், வடபழனி, கோயம்பேடு என்று 100 அடி சாலை முழுவதும் ஒவ்வொரு சிக்னலாக நின்று, பாடி தாண்டி அம்பத்தூர் எஸ்டேட் போனால், உங்கள் கிடங்கின் கேட் பூட்டியிருக்கிறது. "இன்னைக்கு செகண்ட் சாட்டர்டேம்மா, லீவு" என்றார் செக்யூரிட்டி. பாவம், அவர்தான் தன் பாட்டிலிலிருந்து பையனுக்குத் தண்ணீர் கொடுத்தார். உங்கள் நிறுவனத்தின் பெயரால் எனக்கு இதுவரை கிடைத்த சேவை அந்த அரை பாட்டில் தண்ணீர் மட்டும்தான். இரண்டாம் சனிக்கிழமை விடுமுறை என்பது சனிக்கிழமை வரச் சொன்னவருக்குத் தெரியாதா?

மே 14 அன்று பொருத்தித் தர ஒரு தம்பி வந்தார். அவர்மேல் எனக்குப் புகார் இல்லை. பெட்டியைப் பார்த்தவுடனே, "அக்கா, ரெண்டுமே லெஃப்ட்டு, இதை வச்சு நான் என்ன பண்றது" என்றார். வந்து போனதற்குக் கணக்கு வேண்டும், ஓடிபி சொல்லுங்கள் என்றார், சொன்னேன். மோர் குடித்துவிட்டுப் போனார். அவர் படி இறங்குவதற்குள் எனக்குக் குறுஞ்செய்தி: "நிறுவுதல் நிறைவடைந்தது. மகிழ்ச்சியான விளையாட்டு நேரம்!" புகாரையும் அதோடு மூடிவிட்டீர்கள்.

அப்புறம் 19ஆம் தேதி ஒரு பார்சல் வந்தது. வலது சட்டம் என்று ஆசையாகப் பிரித்தோம். இடது. இப்போது என்னிடம் மூன்று இடது சட்டங்கள் இருக்கின்றன. இந்த ஊரில் எங்கோ ஒரு வீட்டில் மூன்று வலது சட்டங்களோடு ஒருத்தி உட்கார்ந்திருப்பாள் என்று நினைக்கிறேன். அவள் முகவரியையாவது கொடுங்கள், நாங்களே பேசி முடித்துக்கொள்கிறோம்.

என் நஷ்டத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் திரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னதை உங்கள் பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறீர்கள். உங்கள் புண்ணியத்தில் என் மகன் மே மாதத்தில் தினம் நாலு மணி நேரம் டிவி பார்த்தான். ஏசி ஓடி ஓடி கரண்ட் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டது. சறுக்கு இல்லாததால் சோபாவின் கைப்பிடியிலிருந்து சறுக்கினார்கள், சோபா போயிற்று. குதிக்கிற சத்தத்துக்குக் கீழ் வீட்டு மாமி மூன்று தடவை மேலே வந்துவிட்டார். என் மாமியார் பரணிலிருந்து பல்லாங்குழியை இறக்கிக் கொடுத்தார். பதினாலு குழியும் புளியங்கொட்டையுமாக நாலு நாள் வீடு அமைதியாக இருந்தது. ஐந்தாவது நாள் சின்னவன் ஒரு கொட்டையை மூக்கில் போட்டுக்கொண்டான். டாக்டர் பீஸ் 600 ரூபாய். செட் ஒழுங்காக வந்திருந்தால் பல்லாங்குழியை யார் இறக்கியிருக்கப் போகிறார்கள்? அதையும் உங்கள் கணக்கில்தான் எழுதுகிறேன். நாலு வயதுக் கோடை ஒரு பிள்ளைக்கு இன்னொரு முறை வராது. இதற்கெல்லாம் 50,000 ரூபாய் கேட்டாலும் தகும்.

சரி, பணத்தையாவது திருப்பித் தாருங்கள் என்று 22ஆம் தேதி கேட்டதற்குத்தான் "பொருள் அதன் அசல் பெட்டியில் இருக்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். பெட்டி விஷயத்தை உண்மையாகவே சொல்லிவிடுகிறேன். பெட்டி இப்போது வீடாகிவிட்டது. கூடத்து மூலையில் நிற்கிறது. பெரியவள் கதவு வெட்டி, வாசலில் ஸ்கெட்ச் பேனாவால் கோலம் போட்டிருக்கிறாள். உள்ளே ஒரு தலையணை, டார்ச், என் பழைய துப்பட்டா. உங்கள் மூன்று சட்டங்களையும் மேலே குறுக்கே போட்டுக் கூரை போட்டிருக்கிறார்கள். இந்த விடுமுறையில் பிள்ளைகள் உங்களிடமிருந்து வாங்கி உருப்படியாக விளையாடியது அந்த அட்டைப் பெட்டியில் மட்டும்தான். அதைப் பிரித்து ஒட்டி உங்களுக்கு அனுப்ப வேண்டுமாம்!

இன்னொன்று. பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வீட்டு உபயோகச் சறுக்கு, ஊஞ்சலுக்கென்றே ஐ.எஸ். 9873 என்ற பொம்மைத் தரநிலையில் நான்காம் பாகம் இருக்கிறது. உங்கள் பெட்டியில் மூன்று பக்கம் தேடினேன், முத்திரை இல்லை. நான்காவது பக்கத்தில் லேபிள் இருந்த இடத்தில்தான் சின்னவன் ஜன்னல் வெட்டிவிட்டான். ஆகவே அங்கே இருந்ததா இல்லையா என்று நீங்களே எழுத்தில் தெரிவியுங்கள். என்னிடம் உள்ள இடது சட்டங்களில் எங்கும் முத்திரை அச்சு இல்லை என்பதை மட்டும் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

உங்களோடு சண்டை போடுவது என் நோக்கம் அல்ல. சண்டை போட எனக்கு நேரமும் இல்லை. ஆனால் 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்த்துவைக்க வேண்டும். மே 1இலிருந்து எண்ணிப் பாருங்கள். ஏழு நாளில் பணம் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைப்பேன். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. அதன் பிறகு எனக்கு நிறைய நேரம் இருக்கும்.

தயவுசெய்து ரூ. 8,499ஐத் திருப்பி அனுப்புங்கள். டாக்டர் பீஸைச் சேர்த்தால் மகிழ்வேன். சட்டங்களையும் மிச்சப் பாகங்களையும் எடுத்துப்போக ஆள் அனுப்பலாம், கூரையை நானே பிரித்துத் தருகிறேன். பெட்டியைத் தர முடியாது. வேண்டுமானால் அதற்கு ஒரு விலை போட்டுப் பணத்தில் கழித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
வேளச்சேரி.

இணைப்பு: பில், ஆறு மின்னஞ்சல்கள், மூன்று சட்டங்களின் படம், டாக்டர் சீட்டு.

பி.கு.: மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை போன் செய்ய வேண்டாம். சின்னவன் பெட்டிக்குள் தூங்கும் நேரம்.